மூன்றாவது படகின் சொந்தக்காரர்

கோப்பை வருவதற்கு முன்பே அலமாரி வந்துவிட்டது.

சர்க்கார் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ஐயாசாமி அதைத் தேக்கில் செய்யச் சொல்லியிருந்தார். மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரே ஒரு தட்டு. தட்டின் நடுவில், கோப்பையின் அடிப்பாகம் அசையாமல் உட்காருவதற்கென்று ஒரு வட்டக் குழி. சீனத் தச்சன் குழியின் அளவு கேட்டபோது, பாய்ப்படகுச் சங்கக் கொட்டகையிலிருந்து கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். அவர் மனைவி கிருஷ்ணம்மா அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் வேறு எதையும் வைக்க முடியாதே என்றாள். வேறு எதையும் வைப்பதாக இல்லை என்றார் ஐயாசாமி.

அது வெள்ளி முலாம் பூசிய கோப்பை. இரண்டு பக்கமும் காது வைத்தது. சிங்கப்பூரில் ஏலத்தில் எடுத்தது. வயிற்றுப் பக்கம் ஒரு நாய் செதுக்கியிருந்தது. ஏதோ நாய்க் கண்காட்சிக்காகச் செய்யப்பட்டு, வெல்லத் தகுந்த நாய் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். அது நாயல்ல, கடல்சிங்கம் என்று ஐயாசாமி சொல்லியிருந்தார். ஜொகூர் ஜலசந்திப் பாய்ப்படகுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர் என்பதால் அது கடல்சிங்கமாகவே இருந்து வந்தது.

ஓர் ஆண்டு வென்றவர் பெயரைக் கோப்பையின் அடியில் பொறிப்பார்கள். கோப்பை கொட்டகையிலேயே இருக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டு வென்றவருக்குத்தான் அது சொந்தம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஐயாசாமி இரண்டு ஆண்டு வென்றாகிவிட்டது. மூன்றாம் ஆண்டில் நாலு பந்தயம் முடிந்து, ஐந்தாவதும் கடைசியுமான பந்தயம் பாக்கி. அலமாரி கூடத்தில் காலியாக நின்று, வருகிறவர்கள் முகத்தையெல்லாம் மூன்று பக்கமும் காட்டிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூருக்குப் போகிற காஸ்வே பாலம் திறந்து பத்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. அதற்குக் கிழக்கே, சேறும் சிப்பியுமான கரையில், சங்கத்துக்கு ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை உண்டு. வெள்ளைக்காரர் கிளப் வேண்டாமென்று தள்ளிவிட்ட சின்னப் பாய்ப்படகுகளை வாங்கிப் பலகை மாற்றி ஓட்டினார்கள். அங்கத்தினர்கள் இருபது பேருக்கு மேல், படகுகள் மூன்று. மற்றவர்கள் தேநீருக்கும் சண்டைக்கும் வந்தார்கள். இரண்டும் சூடாகவே கிடைத்தன.

முதல் படகு ஐயாசாமியின் 'விஜயலட்சுமி'. இரண்டாவது ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ரபேலின் 'ஸ்டெல்லா'. இந்த ரபேலைக் கண்டால்தான் ஐயாசாமிக்கு ஆகாது. ஒருமுறை அவர் ஸ்டேஷனுக்கு வரத் தாமதமாகி, தமக்காக ரயிலைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும்படி ஆள் அனுப்பினார். ரபேல் நிறுத்திவைக்கவில்லை. டிக்கெட் கொடுக்கிறவன் ரயிலை நிறுத்த முடியாது என்பது ஐயாசாமிக்குத் தெரியும்; ஆனால் முயற்சிகூடச் செய்யவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம். அன்றிலிருந்து ரபேலை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'டிக்கெட்டு' என்பார். ரபேல் பதிலுக்கு மிகுந்த மரியாதையோடு 'பெரிய கிராணி' என்பான். அந்த மரியாதை அதைவிட மோசமாக இருக்கும்.

மூன்றாவது படகு 'மயில்'. அது ஐயாசாமியின் பழைய படகு. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தம் அலுவலகத்துச் சின்ன கிராணி மூர்த்திக்கு அதைக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, அங்கத்தினர் எல்லோரையும் கூட்டி, மூர்த்திக்கு ஒரு மாலை, படகுக்கு ஒரு மாலை போட்டு, தாமும் ஒன்று போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக் கொடுத்தார். கொடை என்றார்கள் சிலர். ரபேல் மட்டும், கிராணி தனக்கு ஒரு புள்ளி வளர்க்கிறார் என்றான்.

சங்கத்தில் புள்ளிக் கணக்கு எளிது. யாரைத் தோற்கடிக்கிறீர்களோ, அந்தத் தலைக்கு ஒரு புள்ளி. மூன்று படகு ஓடினால் முதலில் வந்தவருக்கு இரண்டு, அடுத்தவருக்கு ஒன்று, கடைசிக்காரருக்கு ஒன்றுமில்லை. இந்த விதியை எழுதியவர் ஐயாசாமி. சொந்தக்காரரே சுக்கான் பிடிக்க வேண்டும் என்ற விதியும் அவர் எழுதியதுதான். போன வருஷம் பத்து பாகாட் என்கிற ஊரிலிருந்து சின்னத்தம்பி என்கிற கடைக்காரர் மச்சானுடைய படகோடு வந்து ஐயாசாமியை நாலு முறை தோற்கடித்துவிட்டார். அப்போதுதான் அந்த விதி பிறந்தது. சின்னத்தம்பி ஓடிய ஓட்டமெல்லாம் கணக்கிலிருந்து துடைக்கப்பட்டது. இன்றைக்கு மட்டும்தானே தள்ளுபடி என்று அவர் கேட்டதற்கு ஐயாசாமி எழுந்து நின்று, "சொந்தக்காரன் ஓட்டாத படகு தண்ணியிலேயே எறங்காத படகு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த வாக்கியத்தின் ஓசை அவருக்கே பிடித்துப்போய், விதிப் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி மாட்டிவைத்தார். சின்னத்தம்பி படகை மச்சானிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோப்பையில் இரண்டாம் முறை ஐயாசாமி பெயர் ஏறியது.

மூர்த்தி நன்றாகவே படகு ஓட்டுவான். ஆனால் ஐயாசாமியை முந்த மாட்டான். அலுவலகத்தில் கதவருகே இருவரும் சேர்ந்து வந்தால் எப்படி ஒதுங்கி நிற்பானோ, அப்படியே ஜலசந்தியிலும் பாயைத் தளர்த்தி ஒதுங்கி நிற்பான். விஜயலட்சுமி தாண்டிப் போகும்போது லேசாக எழுந்திருக்கவும் செய்வான். ஒருமுறை அப்படி எழுந்து தண்ணீரில் விழுந்தான். ஐயாசாமி எது சொன்னாலும், "ஐயா சொன்னா சரிதான்" என்பான். ஆகவே ஒவ்வொரு பந்தயத்திலும் ஐயாசாமிக்கு ஒரு புள்ளி, காலையில் வாசலில் வைத்த பால் மாதிரி, தவறாமல் வந்தது.

அதோடு மூர்த்திக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ரபேலுக்குக் காற்று வரும் பக்கத்தில் போய் மயிலைக் குறுக்கே வைத்துக்கொள்வான். ஸ்டெல்லாவின் பாய் ஈரத் துணி மாதிரித் தொங்கும். அந்த நேரத்தில் ஐயாசாமி போய்விடுவார். இரண்டு பந்தயம் இப்படி முடிந்தது: ஐயாசாமி, மூர்த்தி, ரபேல். மற்ற இரண்டில் ரபேல் தொடக்கத்திலேயே மூர்த்தியின் கைக்கு எட்டாமல் ஓடிவிட்டான்: ரபேல், ஐயாசாமி, மூர்த்தி. கொட்டகைக் கரும்பலகையில் ஐயாசாமிக்கு ஆறு, ரபேலுக்கு நாலு என்று இருந்தது.

கடைசிப் பந்தயத்தில் ரபேல் முதலில் வந்தாலும் அவனுக்கு ஆறுதான். ஐயாசாமி செய்ய வேண்டியதெல்லாம் மூர்த்தியைத் தோற்கடிப்பது. அதை அவர் தினமும் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை செய்துகொண்டிருந்தார்.

பந்தயம் வெள்ளிக்கிழமை. ஜொகூரில் சர்க்கார் அலுவலகங்களுக்கு அன்றுதான் விடுமுறை. ரயிலுக்கு விடுமுறை கிடையாது. ரபேல் ஆளை மாற்றிவிட்டு வந்திருந்தான். வழக்கம்போல ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வீரமுத்து மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். சங்கத்துக்கு நடுவர், செயலாளர், காயத்துக்கு மருந்து போடுகிறவர் எல்லாம் அவரே. ஓட்டத் தெரியாது, நீந்தவும் தெரியாது. அதனால் யாருக்கும் வேண்டியவரல்ல என்று நம்பினார்கள்.

ரபேல் டின் சத்தம் அடங்குமுன் பாய்ந்துவிட்டான். போகட்டும் என்று விட்டார் ஐயாசாமி. சிவப்புப் பீப்பாய் மிதவையைச் சுற்றித் திரும்பும்போது அவர் இரண்டாவதாக இருந்தார். பின்னால் மூர்த்தி, கதவருகே நிற்கிறவனுக்குரிய தூரத்தில். ஐயாசாமி மனசு அலமாரிக்குப் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் கோப்பையைக் கடல்சிங்கம் தெரிகிற மாதிரி வைப்பதா, காது தெரிகிற மாதிரி வைப்பதா என்று யோசித்துக்கொண்டே, மீன் பிடிக்க நட்டிருந்த கெலோங் கம்புகளை ஒட்டிக் குறுக்கே போனார்.

நீர் வற்றிக்கொண்டிருந்த வேளை. விஜயலட்சுமி மெதுவாக, சோபாவில் உட்காருவது போல, சேற்றில் உட்கார்ந்தது.

துடுப்பால் குத்தினார், துடுப்பு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. இறங்கினார், முழங்கால் வரை போனார். மயில் நெருங்கி வந்தது. மூர்த்தி பழக்கதோஷத்தில் பாயைத் தளர்த்திவிட்டு எழுந்து நின்றான். ஐயாசாமி சேற்றில் நின்றபடியே, கயிற்றைப் பிடித்து இழுக்கும்படியும், இழுத்துவிட்டபின் பழையபடி பின்னால் போகும்படியும் உத்தரவு போட்டார். அதோடு விட்டிருக்கலாம். நேற்று அலுவலகத்தில் மூர்த்தி தங்கை கல்யாணத்துக்கு மெர்சிங் போக மூன்று நாள் லீவு கேட்டதையும், தாம் மறுத்ததையும் ஞாபகப்படுத்தி, இங்கே ஒழுங்காக நடந்துகொண்டால் அரை நாள் பற்றி யோசிப்பதாகவும் சொன்னார்.

மூர்த்தி நின்றபடியே கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தான். பெரிய கிராணியை மேலேயிருந்து கீழே பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"ஐயா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்றான். "ஆபீஸ் லீவு."

உட்கார்ந்து பாயை இழுத்துக் கட்டினான். மயில் போய்விட்டது.

நீர் திரும்பி ஏறியபின் ஐயாசாமி கரை சேர்ந்தபோது, மற்றவர்கள் இரண்டாவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரபேல், மூர்த்தி, ஐயாசாமி. பலகையில் ஆறுக்கு ஆறு. சமமாகிவிட்டால் கோப்பையில் இரண்டு பெயரும் பொறிக்கப்படும். கோப்பை கொட்டகையில்தான் கிடக்கும். தொடர்ந்து மூன்று என்கிற கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். தன் பெயருக்குப் பக்கத்தில் டிக்கெட்டின் பெயர். ஐயாசாமி காலைக்கூடக் கழுவவில்லை. மூர்த்தியின் மேல் புகார் கொடுத்தார். மூர்த்தியைக் கடைசிக்குத் தள்ளினால் இவர் இரண்டாவது, ஒரு புள்ளி, ஏழு.

விசாரணை உடனே நடந்தது. சம்பவத்தை விளக்கப் படகுப் பொம்மைகள் இல்லாததால், தட்டிலிருந்த, இறைச்சி வைத்துப் பொரித்த கறிபாப்புகளில் மூன்றை எடுத்துப் படகுகளாக வைத்தார்கள். தேநீர்க் கோப்பை பீப்பாய் மிதவை. ஐயாசாமி விஜயலட்சுமியைச் சேற்றில் நிறுத்தி, ஆபத்தில் இருக்கிற படகுக்கு உதவ வேண்டும் என்ற விதியை இங்கிலீஷில் படித்து, மூர்த்தி தம்மைச் சாகவிட்டுப் போனான் என்றார். தண்ணீர் எவ்வளவு என்று வீரமுத்து கேட்டார். முழங்கால் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏதாவது கடித்ததா என்று கேட்டார். நண்டு ஒன்று உரசிப் போனதாக ஐயாசாமி சொன்னார். வீரமுத்து நெடுநேரம் யோசித்தார். யோசனையில் கை தன் பாட்டுக்கு விஜயலட்சுமியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

சாட்சியத்தை நடுவரே தின்றுவிட்டார் என்று ஐயாசாமி ஆட்சேபித்தார். ரபேல் தன் கறிபாப்பைத் தொடவில்லை. கத்தோலிக்கனான அவன் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டான். வேதத்தில் ஒழுங்காக இருக்கிற ஒரே படகு ஸ்டெல்லாதான் என்று யாரோ சொல்ல, கொட்டகை சிரித்தது. வீரமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஆபத்து இல்லை, பெரிய கிராணி நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம், புகார் தள்ளுபடி என்றார்.

இன்னொரு சிரிப்பு. அதில் மூர்த்தியும் சிரித்ததை ஐயாசாமி பார்த்தார். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தான், ஆனால் சிரித்தான். தாம் கொடுத்த படகின் முன்னால் நின்று சிரித்தான். அவருக்குள் ஏதோ ஒன்று எழுந்து, விதிப் பலகையைப் பார்க்கச் சொல்லியது.

"அந்தப் படகே என்னுது," என்றார்.

மாலை போட்டுக் கொடுத்தீர்களே என்றார் வீரமுத்து.

"மாலையைக் கொடுத்தேன். படகைக் கொடுக்கலை. ஓட்டிப் பழகட்டும்னு விட்டேன். எம் படகை இவன் ஓட்டியிருக்கான், அவ்வளவுதான். சொந்தக்காரன்தான் சுக்கான் பிடிக்கணும்னு விதி. விதிப்படி செய்யுங்க."

ரபேல் கரும்பலகையை ஒரு தடவை பார்த்தான். நாள் முழுக்கச் சில்லறை எண்ணுகிறவனுக்குக் கணக்குப் போட அதற்குமேல் நேரம் தேவைப்படவில்லை.

"பெரிய கிராணி நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்றான். "வருஷத்தொடக்கத்திலேருந்தே உங்க படகுதானா?"

டிக்கெட்டுக்குப் பயம் வந்துவிட்டது என்று ஐயாசாமி கண்டுகொண்டார்.

"வாங்கின நாளிலேருந்து என் படகு."

வீரமுத்து மூர்த்தியைப் பார்த்தார். அவனிடம் போட்டோ இருந்தது. மூன்று மாலையும் அதில் தெளிவாக விழுந்திருந்தன. அதைச் சட்டகம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தான். அவனும் கரும்பலகையை ஒரு தடவை பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டான்.

"ஐயா சொன்னா சரிதான்," என்றான்.

ஐயாசாமிக்கு மனசு நிறைந்துவிட்டது. வீரமுத்து தீர்ப்பு எழுதத் தடுமாறியபோது, ஐயாசாமியே முன்வந்து விதிப் பலகையைச் சுட்டி, சபையோர் கேட்கும்படி படித்தார்: சொந்தக்காரன் ஓட்டாத படகு தண்ணியிலேயே எறங்காத படகு.

"அப்படியே ஆகட்டும்," என்று வீரமுத்து ஈரத் துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார்.

அன்றைய பந்தயத்திலிருந்து மூர்த்தியைத் துடைத்தார். ஐயாசாமி தலையசைத்தார். நாலாவது பந்தயத்திலிருந்தும் துடைத்தார். மூன்றாவதிலிருந்து துடைக்கும்போது ஐயாசாமி தலையசைப்பது நின்றுவிட்டது. தண்ணீரில் இறங்காத படகை யாரும் தோற்கடிக்க முடியாது. மூர்த்தியை வென்று வாங்கிய புள்ளிகள் எல்லாம் போய், ஐயாசாமியும் ரபேலும் மட்டும் ஓடிய ஐந்து பந்தயம் மிஞ்சியது. ஐயாசாமி ரபேலை வென்றது இரண்டு. ரபேல் ஐயாசாமியை வென்றது மூன்று. வீரமுத்து அதைச் சாக்கட்டியால் பெரிதாக எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

ஐயாசாமி இன்றைய பந்தயத்தைப் பற்றித்தான் புகார் கொடுத்ததாகச் சொன்னார். போன வருஷம் சின்னத்தம்பியும் இதையே சொன்னார் என்று பின்வரிசையில் ஒரு குரல் நினைவூட்டியது. அப்படியானால் படகு இன்றுதான் தமக்குத் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் ஐயாசாமி.

"இன்னைக்கு எப்போ?" என்றான் ரபேல். "டின் தட்டறதுக்கு முன்னாலேயா, சேத்துல நின்னப்பவா? நீங்க நேரம் சொன்னீங்கன்னா ரயிலை நிறுத்தி வைக்கலாம் பாருங்க."

கோப்பை கொட்டகையிலேயே இருந்தாலும், சங்கத் தலைவர்தான் அதை வென்றவர் கையில் ஒருமுறை கொடுக்க வேண்டும். அதுவும் ஐயாசாமி எழுதிய விதி. மூன்று ஆண்டும் தாமே தமக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியது. கொடுத்தார். ரபேல் இரண்டு கையாலும் வாங்கி, வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான்.

"நாய்தான்," என்றான். ஆட்சேபிக்க ஆளில்லை.

கூட்டம் கலைந்தது. மூர்த்தி மயிலிலிருந்து தன் செருப்பையும் சோற்றுத் தூக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு கரையேறினான். ஐயாசாமி அவனைக் கூப்பிட்டு, மயிலை நீர் இருக்கும்போதே தம் வீட்டுத் துறைக்குக் கொண்டுபோய்க் கட்டும்படி சொன்னார். குரலில் பெரிய கிராணி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தார்.

"அது ஐயா படகு," என்றான் மூர்த்தி. "ஐயாதான் சுக்கான் பிடிக்கணும்."

சொல்லிவிட்டு, கதவருகே நிற்கிறவனைப் போல ஒதுங்கி, அவருக்கு வழிவிட்டான்.

இரண்டு படகையும் ஒரே ஆள் ஓட்டிப் போக வழியில்லை. ஐயாசாமி மயிலை விஜயலட்சுமியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டார். காற்று விழுந்துபோயிருந்தது. வழியெல்லாம் மயிலின் மூக்கு விஜயலட்சுமியின் முதுகில் மோதிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி அதைத் திட்டினார். கெலோங் பக்கம் வரும்போது சேறு ஞாபகம் வந்து சுற்றிப் போனார்.

கிருஷ்ணம்மா துறைக்கு வந்திருந்தாள். அவர் கையைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பின்னால் கட்டியிருந்த படகைப் பார்த்தாள்.

"இதையா ஜெயிச்சீங்க?" என்று கேட்டாள்.